வெல்ல முடியாத தொகுதி எப்படி உருவாகிறது? மொரீஷியஸ் தேர்தல் கணக்கு

2024 நவம்பர் 10 அன்று மொரீஷியஸ் வாக்களித்தது. மறுநாள் எண்ணி முடித்தபோது பெரிய தீவின் 60 இடங்களும் நவீன் ராம்கூலம் தலைமையிலான எதிரணிக் கூட்டணிக்குப் போயிருந்தன. அதுவரை ஆண்ட பிரவிந்த் ஜக்நாத்தின் கூட்டணிக்குப் பதிவான ஓட்டில் கால் பங்குக்குச் சற்று மேல் கிடைத்திருந்தது. ஆனால் அந்தக் கால் பங்கால் ஓர் இடத்தைக்கூட வெல்ல முடியவில்லை. பிரதமராக இருந்தவரே தம் சொந்தத் தொகுதியில் தோற்றார்.

நான்கு பேரில் ஒருவருக்கு மேல் ஆதரித்த ஓர் அணிக்கு 20 தொகுதிகளில் ஒன்றுகூடவா தேறாது என்று அப்போது பலரும் கேட்டார்கள். ‘அங்கே நின்றால் ஓட்டு வீண்’, ‘அது அவர்கள் கோட்டை’ என்று நாம் ஒவ்வொரு தேர்தலிலும் சொல்லிக்கொள்கிறோம். ஒரு தொகுதி ஒரு கட்சிக்கு எட்டாக்கனி ஆவதற்கு அங்குள்ள மக்களின் மனம் ஒரு காரணம்தான். ஓட்டை எண்ணும் விதியும், கூட்டணிகள் டிக்கெட்டைப் பங்கிடும் விதமும் மற்ற இரண்டு காரணங்கள். இவை மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் 60–0 என்ற முடிவைப் புரிந்துகொள்ள முடியாது.

அடிப்படை விதிகள்

1. பெரிய தீவு 20 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் மூன்று உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும். ரொத்ரிக்ஸ் தீவு 21-ஆம் தொகுதி. அங்கே இரண்டு இடங்கள். ஆக நேரடித் தேர்தலில் 62 இடங்கள்.

2. ஒரே சீட்டில் எல்லா வேட்பாளர்களின் பெயரும் சின்னமும் இருக்கும். வாக்காளர் மூன்று பேருக்குக் குறியிட வேண்டும். இரண்டோடு நிறுத்தினாலும் நான்கு போட்டாலும் சீட்டு செல்லாது. ரொத்ரிக்ஸில் இரண்டு குறி.

3. அதிக ஓட்டு பெற்ற முதல் மூவர் உறுப்பினர்கள். 50 சதவீதம் தாண்ட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

4. இதற்கு மேல், தோற்றவர்களிலிருந்து அதிகபட்சம் எட்டுப் பேரை அவைக்குள் கொண்டுவரும் ‘பெஸ்ட் லூசர்’ முறை இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாவது விதியை வாசகர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மூன்று ஓட்டையும் கட்டாயம் போட வேண்டும் என்பதால், ஒரு சிறிய கட்சியின் ஆதரவாளர்களோ ஒரு சிறுபான்மைச் சமூகத்தாரோ தங்கள் ஒரே வேட்பாளருக்கு மட்டும் குறியிட்டுவிட்டு மற்ற இரண்டையும் போடாமல் விட முடியாது. தம் வேட்பாளரைத் தோற்கடிக்கக்கூடிய இன்னும் இருவருக்கும் அவர்கள் ஓட்டுக் கொடுத்தே ஆக வேண்டும்.

40 சதவீதம் பூஜ்யம் ஆவது எப்படி

ஒரு கற்பனைத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். செல்லும் சீட்டுகள் 32,000. முதல் அணியின் மூன்று வேட்பாளருக்கும் சேர்த்துக் குறியிட்டவர்கள் 16,500 பேர். இரண்டாம் அணிக்கு அப்படியே போட்டவர்கள் 12,500 பேர். மீதி 3,000 சீட்டு உதிரிகளுக்குச் சிதறுகிறது.

முதல் அணியின் மூவரும் ஆளுக்கு 16,500 ஓட்டு பெறுவார்கள். இரண்டாம் அணியின் மூவரும் ஆளுக்கு 12,500 பெற்று நான்கு, ஐந்து, ஆறாம் இடங்களில் நிற்பார்கள். முடிவு 3–0. சுமார் 39 சதவீதம் பேர் ஆதரித்த அணிக்கு அங்கே ஒன்றுமில்லை. இதே விகிதம் 20 தொகுதிகளிலும் இருந்தால் நாடு முழுவதும் 60–0. எந்தத் தொகுதியிலும் பெரிய அலை வீச வேண்டிய அவசியமே இல்லை; ஆதரவு எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருந்தாலே போதும்.

அதனால்தான் பிரசாரத்தில் ‘ப்ளோக்’ என்ற சொல் அவ்வளவு முக்கியம். மூன்று ஓட்டையும் ஒரே அணிக்குக் கட்டாகப் போடுங்கள் என்பதுதான் அந்த முழக்கம். அணி மாற்றிக் குறியிடுபவரைக் கட்சிக்காரர்களுக்குப் பிடிப்பதில்லை.

அந்தக் கலப்பு வாக்காளருக்கு இருக்கும் பலம் பெரியது. மேலே சொன்ன தொகுதியில் முதல் அணியின் ஆதரவாளர்களில் 2,100 பேர் தங்கள் மூன்றாவது குறியை மட்டும் எடுத்து, எதிரணியின் நல்ல வேட்பாளர் ஒருவருக்குப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அணியின் பலவீனமான வேட்பாளர் 14,400-க்கு இறங்குவார். எதிரணியின் அந்த ஒருவர் 14,600-க்கு ஏறுவார். முடிவு 2–1 ஆகிவிடும். எட்டில் ஒருவர், அதுவும் தம் ஓட்டில் மூன்றில் ஒரு பங்கை மட்டும், மாற்றிப் போட்டால் ‘வெல்லவே முடியாத’ தொகுதியில் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. 2019 தேர்தலில் பெரிய தீவின் 60 இடங்கள் 38, 14, 8 என்று மூன்று அணிகளுக்குப் பிரிந்தன. இந்த எண்களில் எதுவும் மூன்றால் வகுபடாது. அதாவது சில தொகுதிகளிலாவது மூன்று இடமும் ஒரே அணிக்குப் போகவில்லை என்பது எண்களைப் பார்த்தாலே தெரிகிறது. மூன்று இடத்தையும் அள்ள முடியாத தொகுதி வேறு, ஓர் இடத்தைக்கூடப் பிடிக்க முடியாத தொகுதி வேறு. கட்சிகள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, முதலாவதைப் பார்த்தே கையைக் கழுவிவிடுகின்றன.

விகிதம் எவ்வளவு வளைகிறது

சில பழைய முடிவுகளை வரிசையாகப் பார்க்கலாம். இதில் தொழிலாளர் கட்சி ராம்கூலம் தந்தை–மகன் தலைமை தாங்கிய கட்சி; எம்.எஸ்.எம். ஜக்நாத் தந்தை–மகன் தலைமை தாங்கிய கட்சி; எம்.எம்.எம். பெராஞ்செ வழிநடத்திய கட்சி; பி.எஸ்.எம். 1982-இல் அதன் துணைக் கட்சி.

1982: எம்.எம்.எம்.–பி.எஸ்.எம். கூட்டணிக்குச் சுமார் 64 சதவீத ஓட்டு, 60 இடமும் அவர்களுக்கு. தொழிலாளர் கட்சி அணி கால் பங்கு ஓட்டோடு பூஜ்யம்.

1995: தொழிலாளர் கட்சி–எம்.எம்.எம். கூட்டணி மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான ஓட்டில் மறுபடியும் 60–0.

2000: எம்.எஸ்.எம்.–எம்.எம்.எம். கூட்டணிக்கு 51.7 சதவீத ஓட்டு, 54 இடங்கள். எதிரணிக்கு 36.6 சதவீத ஓட்டு, 6 இடங்கள்.

2019: ஆளும் அணிக்கு 37.7 சதவீத ஓட்டு, 38 இடங்கள். எதிரில் தொழிலாளர் கட்சி அணி 32.8, எம்.எம்.எம். 20.6 சதவீதம்.

2000-ஆம் ஆண்டு வரிசையையும் 2019 வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு தேர்தலில் 36.6 சதவீதம் ஓர் அணியை 6 இடத்தில் நிறுத்தியது. இன்னொரு தேர்தலில் 37.7 சதவீதம் ஓர் அணியை அரியணையில் ஏற்றியது. ஆதரவு ஏறக்குறைய ஒன்றுதான். எதிரில் ஒருவர் நின்றாரா, இருவர் நின்றாரா என்பதே வித்தியாசம். ஆகவே ‘இந்தத் தொகுதி நமக்குக் கிடைக்காது’ என்ற பேச்சில் அந்தத் தொகுதியைப் பற்றிய உண்மை பாதிதான். மீதிப் பாதி, அந்த ஆண்டில் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பதில் இருக்கிறது.

கோட்டைகள் விழுந்த கதை

1967 ஆகஸ்டில், சுதந்திரத்துக்கு முந்தைய தேர்தலில், வரைபடம் தெளிவாக இருந்தது. கரும்புக் கிராமங்கள் தொழிலாளர் கட்சி தலைமையில் சுதந்திரம் கோரிய கட்சிகளின் கூட்டணி பக்கம், நகரங்கள் சுதந்திரத்தை எதிர்த்த பி.எம்.எஸ்.டி. கட்சியின் பக்கம். நேரடி இடங்கள் 39–23 என்று முடிந்தன. கிராமத்தில் பி.எம்.எஸ்.டி.க்கும் நகரத்தில் தொழிலாளர் கட்சிக்கும் வாய்ப்பில்லை என்ற நினைப்பு அப்போது வேரூன்றியது. பெயர்களும் கட்சியும் மாறினாலும், கிராமம்–நகரம் என்ற அந்தக் கோடு இன்னும் நம் பேச்சில் இருக்கிறது. கிராமப்புறமான 5 முதல் 14 வரையிலான எண் தொகுதிகளில் ஒரு கணக்கு. போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் ஹில், கியூர்பிப் வரை வேறு கணக்கு.

மூன்றே ஆண்டுகளில் அந்தக் கோடு முதல் அடி வாங்கியது. பாம்ப்ளேமூஸ்–த்ரியோலே, 5-ஆம் எண், பிரதமர் சிவசாகர் ராம்கூலத்தின் சொந்தத் தொகுதி. 1970-இல் அங்கே வந்த இடைத்தேர்தலில், தொடங்கி அதிக நாள் ஆகாத எம்.எம்.எம். தேவ் விராசாமியை நிறுத்தியது. அவர் ஜெயித்தார். அந்தத் தேதி வரை அதைவிட நம்பிக்கையற்ற தொகுதி அக்கட்சிக்கு வேறு இருந்திருக்காது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. பதவியில் இருக்கும் பிரதமர் தம் தொகுதியிலேயே தோற்பது இங்கே நான்கு முறை நிகழ்ந்திருக்கிறது. 1982-இல் சிவசாகர் ராம்கூலம் 5-ஆம் எண்ணில் தோற்றார். 1995-இல் அனிருத் ஜக்நாத் 7-ஆம் எண் பித்தோன்–ரிவியேர் து ராம்பாரில் தோற்றார். 2014-இல் நவீன் ராம்கூலம், தந்தை தோற்ற அதே 5-ஆம் எண்ணில் தோற்றார். 2024-இல் பிரவிந்த் ஜக்நாத் 8-ஆம் எண் கார்த்தியே மிலித்தேர்–மொகாவில் தோற்றார். நாட்டின் மிகப் பலமான கோட்டை என்று எதைச் சொல்வோமோ அதுவே விழுந்திருக்கிறது. மூன்று இடமும் ஒன்றாகச் சாயும் இந்த முறையில், காற்று திரும்பினால் தலைவரைக் காப்பாற்றத் தனியாக ஒரு சுவர் கிடையாது.

கூட்டினால் எப்போதும் கூடுமா?

2019-இன் எண்களைப் பார்த்தால், தொழிலாளர் கட்சி அணியும் எம்.எம்.எம். கட்சியும் சேர்ந்திருந்தால் 53 சதவீதம் வந்திருக்கும். 2024-இல் அவ்விரு கட்சிகளும் சேர்ந்தன; 60-க்கு மேல் சதவீதம், 60 இடம். கணக்கு பலித்தது என்று தோன்றும்.

2014 அதற்கு மாறானது. அதே இரண்டு கட்சிகள்தான் அன்றும் கைகோத்தன. ஒன்றுக்குக் கிராமம், மற்றொன்றுக்கு நகரம். ஆகவே தீவில் எந்தத் தொகுதியும் எட்டாதது இல்லை என்று நம்பினார்கள். கிடைத்தது 38.5 சதவீதம், 13 இடங்கள். எதிரே நின்ற அணி 49.8 சதவீதத்தில் 47 இடங்களை எடுத்தது. பல ஆண்டு எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களைத் தலைவர்கள் ஒரு மேசையில் அமர்ந்து கூட்டிவிட முடியாது. ராம்கூலத்தின் வாக்காளர் பெராஞ்செயின் வேட்பாளருக்கும், பெராஞ்செயின் வாக்காளர் ராம்கூலத்தின் வேட்பாளருக்கும் குறியிட வேண்டும். மூன்று குறி கட்டாயம் என்ற முறையில், அந்த ஒரு குறி கை மாறினாலே இடம் போய்விடும்.

டிக்கெட் பங்கீடும் நம் நிலையும்

கூட்டணி அமைந்த கையோடு 60 டிக்கெட்டும் கட்சிகளுக்குள் பிரியும். 1995-இல் 35–25. 2024-இல் தொழிலாளர் கட்சிக்கு 35, எம்.எம்.எம்.க்கு 19, மற்ற இரு சிறு கட்சிகளுக்கு மும்மூன்று. எந்தத் தொகுதியில் யாருக்கு எத்தனை என்ற பேரத்தில், தமக்குப் பலமான இடத்தைத் தாமே வைத்துக்கொண்டு, தேறாத இடத்தைத் துணைக் கட்சிக்குத் தள்ளுவது வழக்கம்.

தனித்து நிற்கும் கட்சிக்கோ, தேறாத தொகுதி என்பது புதுமுகத்தை அனுப்பும் இடம். அங்கே போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெருவிலேயே தெரியும். வெல்லும் அணியின் ‘பாஸ்’ எனப்படும் தெருமுனைக் கொட்டகைகள் சந்திக்குச் சந்தி இருக்கும். இரவு பத்து மணிக்கும் பாட்டும் பேச்சும் ஓயாது. மின்கம்பத்துக்கு மின்கம்பம் தோரணக் கொடிகள் படபடக்கும். மற்ற அணியின் கொடி ஓர் ஆதரவாளர் வீட்டு வாசலோடு முடிந்துவிடும். வீடு வீடாக வருபவர் இல்லை. அந்த வட்டாரத்தின் தண்ணீர்ப் பிரச்சினையை, வெள்ள வடிகாலைப் பற்றிக் கேட்க ஆளில்லை. தேர்தல் முடிந்த பிறகும் அதே நிலைதான். எப்படியும் ஓட்டுப் போடுவார்கள் என்று ஓர் அணி அசட்டையாக இருக்கும். போடவே மாட்டார்கள் என்று மற்ற அணி விலகிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் அந்தத் தொகுதி மக்கள். இந்தப் பிரச்சினையில் எனக்கு மிக வருத்தம் தருவது இதுதான்.

தமிழர்களாகிய நமக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. தீவின் எந்தத் தொகுதியிலும் நாம் பெரும்பான்மை இல்லை. ரோஸ் ஹில், போ பாஸேன், காத்ர் போர்ன் பகுதிகளில் கணிசமாக இருக்கிறோம். மற்ற இடங்களில் சிதறி வாழ்கிறோம். ஆகவே நம்மவர் ஒருவர் அவைக்குப் போவது, ஒரு பெரிய அணி தன் மூன்று டிக்கெட்டில் ஒன்றைத் தருவதைப் பொறுத்திருக்கிறது. அந்த டிக்கெட் வெல்லும் தொகுதியிலா, தேறாத தொகுதியிலா என்பதுதான் முக்கியமான கேள்வி. தைப்பூசக் காவடி நாளில் எல்லாக் கட்சித் தலைவர்களும் கோயிலுக்கு வருகிறார்கள். அது நல்ல பண்பு. ‘தமிழ் வேட்பாளர் எத்தனை பேர்’ என்று அவர்களைக் கேட்கும் நம் சங்கங்கள், ‘எந்த எண் தொகுதியில்’ என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நான்காம் இடத்தின் மதிப்பு

இனி பெஸ்ட் லூசர் முறை. 1966-இல் பான்வெல் ஆணையம் மூன்று உறுப்பினர் தொகுதிகளைப் பரிந்துரைத்தபோது, சிறுபான்மையினர் அவையில் இல்லாமல் போகக்கூடாது என்ற அச்சத்தைத் தணிக்க இது பேசி முடிக்கப்பட்டது. வேலை செய்யும் விதம் சுருக்கமாக இப்படி:

1. அரசியலமைப்பு மக்களை நான்காகப் பிரிக்கிறது: இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், இந்த மூன்றிலும் சேராத ‘பொது மக்கள்’. அடிப்படை 1972-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு. அதற்குப் பிந்தைய கணக்கெடுப்புகளில் சமூகம் கேட்கப்படுவதில்லை.

2. முதல் நான்கு இடங்கள், மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு கிடைக்காத சமூகத்தைச் சேர்ந்த, தோற்றவர்களில் அதிக சதவீத ஓட்டு பெற்ற கட்சி வேட்பாளர்களுக்குப் போகும். சுயேச்சைகளுக்கு இடமில்லை.

3. இதனால் கட்சிகளின் பலம் மாறினால், அதைச் சரிசெய்ய அடுத்த நான்கு இடங்கள் வென்ற அணியின் தோற்ற வேட்பாளர்களுக்குப் போகும்.

60–0 வந்தால் வென்ற அணியில் தோற்றவர் யாருமில்லை. எனவே அடுத்த நான்கை நிரப்ப ஆள் கிடையாது. அப்போதெல்லாம் அவையில் 70-க்குப் பதில் 66 பேர் அமர்வதன் காரணம் இதுவே. 1982-இலும் 1995-இலும் கயேத்தான் துவால் இப்படி உள்ளே வந்தே எதிர்க்கட்சித் தலைவரானார். 2024-இல் ஜோ லெஜோன்கார் அதே வழியில் வந்து அந்தப் பொறுப்பை ஏற்றார்.

ஆகவே தேறாத தொகுதியில் நிற்பவருக்கும் ஒரு பந்தயம் உண்டு. ஜெயிக்காவிட்டாலும், நான்காவதாக நல்ல சதவீதத்தோடு வந்தால் கதவு திறக்கலாம். சதவீதம் அந்தந்தத் தொகுதியின் ஓட்டை வைத்தே கணக்கிடப்படுவதால், வாக்காளர் குறைந்த 3-ஆம் எண் தொகுதியில் நின்றாலும், அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் வாக்காளர் உள்ள 14-ஆம் எண் சவான்–பிளாக் ரிவரில் நின்றாலும் அளவுகோல் ஒன்றுதான்.

ஆனால் தமிழர்கள் இந்தப் பட்டியலில் இந்து சமூகத்துக்குள் அடங்குகிறார்கள். அந்தச் சமூகம் நேரடி வெற்றியிலேயே பெரும்பாலும் தன் பங்கைப் பெற்றுவிடுகிறது. எனவே தோற்ற தமிழ் வேட்பாளருக்கு இந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. வெல்லும் தொகுதியில் டிக்கெட் கிடைப்பது நமக்கு ஏன் மற்றவரைவிட முக்கியம் என்பது இப்போது புரியும்.

சமூகத்தை அறிவிக்காத வேட்பாளரின் மனுவை நிராகரிப்பது பற்றி 2012-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு மொரீஷியஸுக்கு எதிராகக் கருத்துத் தெரிவித்தது. 2014 தேர்தலுக்கு மட்டும் ஒரு தற்காலிகத் திருத்தம் வந்தது. அடிப்படை ஏற்பாடு அப்படியே நிற்கிறது.

மாற்று என்ன?

தென்னாப்பிரிக்காவில் 1994 முதல் நாடாளுமன்றத்தின் 400 இடங்களும் ஓட்டு விகிதப்படியே பங்கிடப்படுகின்றன. டர்பனில் தமிழர் வாழும் சாட்ஸ்வர்த்தில் போட்ட ஓட்டும் கேப்டவுனில் போட்ட ஓட்டும் ஒரே கூட்டலில் சேரும். நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே தேறாத தொகுதி என்று எதுவும் இல்லை. ஆனால் ‘இவர்தான் என் தொகுதி உறுப்பினர்’ என்று கைகாட்ட ஆளும் இல்லை. தொகுதி அலுவலகத்தில் போய் நின்று வேலை கேட்டுப் பழகிய நம் மக்களுக்கு அது ஒத்துவராது என்றே நினைக்கிறேன்.

அந்நாட்டு நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையிலான ஆணையம் 2002-இல் நமக்குச் சொன்னது இடைப்பட்ட வழி. 62 நேரடி இடங்களை அப்படியே வைத்துக்கொண்டு, 30 இடங்களைக் கட்சிகளின் மொத்த ஓட்டைப் பார்த்துச் சேர்ப்பது. 10 சதவீதத்துக்குக் குறைந்த கட்சிக்குப் பங்கில்லை. இது நடைமுறையில் இருந்தால் தேறாத தொகுதியின் 12,500 சீட்டும் ஓர் எடை பெறும். அந்தத் தெருவுக்கும் கட்சிகள் வந்தாக வேண்டும். சாக்ஸ் ஆணையத்துக்குப் பிறகு வெவ்வேறு அரசுகள் இதைத் தொட்டும் தொடாமலும் விட்டன. தேர்தல் முறையை மாற்ற அவையின் மொத்த உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். அது எளிதில் சேராது. 2024-இன் 60 இடங்கள் அந்த எண்ணிக்கையைத் தாண்டியவை.

அத்தகைய மசோதா எப்போது வந்தாலும் அதில் மூன்றை முதலில் தேடிப் பாருங்கள். கூடுதல் இடங்கள், தொகுதியில் ஒன்றும் கிடைக்காத கட்சிக்கு ஈடாகத் தரப்படுகின்றனவா, அல்லது வென்றவருக்கும் அதே விகிதத்தில் மறுபடி தரப்படுகின்றனவா? இரண்டாவது என்றால் பயனில்லை. பட்டியலில் பெயர்களின் வரிசையைக் கட்சித் தலைவர் மட்டும் முடிவு செய்கிறாரா? அப்படியானால் இன்றைய டிக்கெட் பேரம் பட்டியல் பேரமாக மாறும். தமிழர் உட்பட எங்கும் பெரும்பான்மையாக இல்லாத சமூகங்கள் அந்தப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் வைக்கப்படுகின்றன? 30 இடமுள்ள பட்டியலில் 28-ஆவதாக நிற்பதும் இன்று எட்டாத தொகுதியில் நிற்பதும் ஒன்றுதான்.